பதினெட்டு இல்லாத பெட்டி

காகிதத் துண்டில் சுற்றி, கோட்டுப் பையில் போட்டு,
பேருந்தில் கொண்டுவந்தேன்
தலை மழுங்கிய ஒரு போல்ட்டை.
"யார் இதை இந்தக் கதிக்கு ஆளாக்கியது?" என்கிறார் டாரல்.
நான்தான்.
பழைய சாமான் சந்தையில் வாங்கிய பன்னிரண்டு முனை சாக்கெட்
ஆறு முனைத் தலைமேல் வழுக்கி வழுக்கி
அதைக் கோலிக்குண்டு ஆக்கிவிட்டது.
குறடு போட்டுப் பிடுங்கினேன்.
இதன் ஜோடி இன்னும் வேனில் இருக்கிறது.

தண்டர் பே. பிப்ரவரி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
என் ஷெவி வேன் நிற்கும்போதெல்லாம்
இரும்பை இரும்பு தின்னும் சத்தம்.
பணிமனையில் கேட்ட தொகை அறுநூற்றெண்பது டாலர்.
பிரேக் கட்டைகளும் தட்டுகளும் நூற்றுப் பத்து.
மீதி ஐந்நூற்றெழுபது
எனக்குத் தெரியாததற்கான விலை.

பெரிய பெட்டி, பச்சை நிறம்:
இருநூற்றுப் பதினாறு உருப்படி, தொண்ணூற்றொன்பது டாலர்.
ஆயுள் முழுக்க உத்தரவாதம்;
யாருடைய ஆயுள் என்று எழுதவில்லை.
அடுமனையில் ரொட்டி எண்ணுகிறவள் நான்,
இதையும் எண்ணினேன்.
ஸ்க்ரூடிரைவர் முனைகளே எழுபது.
அங்குல அளவில் ஒரு படை,
என் வேனில் தேடினாலும் அங்குலம் கிடைக்காது.
மூலையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் கம்பிக் கொக்கிகள்;
கைக்குழந்தையையும் பந்திக் கணக்கில் சேர்த்ததுபோல
அவற்றையும் சேர்த்திருக்கிறார்கள்.

பதினான்கு, பதினைந்து, பதினேழு, பத்தொன்பது.
"பதினெட்டு எங்கே?"
டாரல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்க்கிறார்,
தட்டைத் தூக்கி அடியிலும் பார்க்கிறார்.
இருநூற்றுப் பதினாறில் ஒரு பதினெட்டு இல்லை.
என் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருப்பதோ
பதினெட்டு.

சின்னப் பெட்டி, முப்பதே உருப்படி.
எட்டு முதல் பத்தொன்பது வரை
ஓர் எண்ணும் தாண்டாமல்,
குட்டையில் ஒரு வரிசை, நெட்டையில் ஒரு வரிசை.
எல்லாம் ஆறு முனை.
விலை நூற்றிருபத்தெட்டு.

ராட்செட்டைக் கையில் எடுத்தேன்.
தானமாக வந்த மாடு இல்லை இது,
பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்.
எழுபத்திரண்டு பல்.
ஐந்து டிகிரி அசைத்தால் அடுத்த பல் கவ்வுகிறது.
பச்சைப் பெட்டிக்காரனுக்குப் பத்து டிகிரி வேண்டும்.
சக்கர வளைவுக்கும் பிரேக் குழாய்க்கும் நடுவே
அவ்வளவு தாராளமாகக் கை வீச இடம் கிடையாது.
காதருகே வைத்துச் சுழற்றினேன்:
அது மணலை மென்றது,
இது கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தது.

"எல்லோரும் பெரியதைத்தான் வாங்குகிறார்கள்" என்றார் டாரல்.
"திரும்பக் கொண்டுவருவது எதை?"
பதில் சொல்லவில்லை. தாடையால் காட்டினார்.
பின்னால் அலமாரியில்
ஏழு பச்சைப் பெட்டிகள், வாய் பிளந்து.

கடைசியாக என் கோலிக்குண்டுமேல்
புதிய பதினெட்டை வைத்தேன்.
மூலைகள் போன பிறகும்
மிச்சமிருந்த தட்டைப் பக்கங்களைத் தேடிப் பிடித்து
சாக்கெட் கொஞ்சம் நின்றது.
அந்தக் கொஞ்சத்துக்குத்தான்
இருபத்தொன்பது டாலர் கூடுதலாகக் கொடுத்தேன்.
இன்னும் இருபது, ஒரு நீளக் கைப்பிடிக்கு;
ராட்செட்டில் குழாய் மாட்டி இழுத்தால்
பல்லெல்லாம் கொட்டிவிடும் என்றார்.
சரி, அந்தப் பேச்சுக்கும் சேர்த்து இருபது.

இரவு, பக்கத்து வீட்டு ரைய்யா விளக்குப் பிடித்தாள்.
நீளக் கைப்பிடி மேல் என் முழு எடையும்.
ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.
பிறகு துப்பாக்கிபோல் ஒரு சத்தம்.
எலும்பா போல்ட்டா என்று
இருவரும் ஒரு கணம் பார்த்துக்கொண்டோம்.
போல்ட்.

எல்லாம் முடிந்து பெட்டியை மூடும்போது
ஒரு குழி காலி.
பசி வராமலே பறந்துபோவது இந்தப் பத்து மட்டும்தான்.
வேனின் அடியில் தேடினோம்,
பனியில் தேடினோம்,
ரைய்யாவின் பூட்ஸில்கூட.

மறுநாள் மறுபடி பேருந்து.
நான் வாயைத் திறக்கவில்லை.
டாரல் என் முகத்தைப் பார்த்துவிட்டு,
கல்லாவுக்குப் பக்கத்தில் மிட்டாய் வைக்கிற கண்ணாடிக் கிண்ணத்தை
என் பக்கம் நகர்த்தினார்.
உள்ளே அத்தனையும் பத்து.
இரண்டு எடுத்துக்கொண்டேன்.